வளம் ஓரிடம், வரவு வேறிடம்: ஜார்க்கண்ட் ஏன் இன்னும் ஏழை மாநிலம்?

நான் பிறந்தது கோலார் தங்கவயலில், இப்போது இருப்பது பெங்களூரு கே.ஆர்.புரத்தில். எங்கள் தெருமுனையில் ஒரு அடுக்குமாடிக் கட்டட வேலை நடக்கிறது. அங்கே கம்பி கட்டுகிற பையன்களில் பலர் ஜார்க்கண்டிலிருந்து வந்தவர்கள். ஒரு நாள் டீக்கடையில் தன்பாத் பக்கத்துப் பையன் ஒருவனிடம், எனக்குத் தெரிந்த இந்தியில், "உங்கள் ஊரில் அவ்வளவு நிலக்கரி இருக்கிறதே, அங்கேயே வேலை கிடைக்காதா?" என்று கேட்டேன். அவன் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அண்ணா, உங்கள் ஊரில் தங்கமே இருந்ததே, நீங்கள் ஏன் இங்கே வந்தீர்கள்?" என்றான்.

பதில் சொல்ல எனக்கு நேரம் பிடித்தது. அதைத்தான் இங்கே, பொருளாதாரம் படிக்காதவருக்கும் புரிகிற மாதிரி எழுதிப் பார்க்கிறேன்: ஒரு கூட்டாட்சி நாட்டில், நிலத்தடியில் எல்லாம் இருக்கிற மாநிலம் ஏழையாகவும், எதுவும் தோண்டாத ஊர் பணக்கார ஊராகவும் இருப்பது எப்படி?

முதலில் நிலவரம். ஜார்க்கண்ட் 2000 நவம்பர் 15 அன்று, ஆதிவாசித் தலைவர் பிர்சா முண்டாவின் பிறந்தநாளில், பீகாரிலிருந்து பிரிந்து தனி மாநிலமானது. நிலக்கரி, இரும்புத் தாது, தாமிரம், பாக்சைட், மைக்கா, ஜாதுகோடாவில் யுரேனியம் என்று அங்கே இல்லாதது குறைவு. பக்கத்து ஒடிசா, சத்தீஸ்கரையும் சேர்த்தால் நாட்டின் நிலக்கரி இருப்பில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு இந்த மூன்று மாநிலங்களில்தான் கிடக்கிறது. அப்புறம் இன்னொரு கணக்கைப் பாருங்கள். நிதி ஆயோக் 2023ல் வெளியிட்ட பல்பரிமாண வறுமைக் குறியீட்டின்படி (வருமானத்தை மட்டும் பார்க்காமல் சத்துணவு, படிப்பு, கழிப்பறை, குடிநீர், மின்சாரம் போன்றவற்றையும் சேர்த்துப் பார்ப்பது இது) 2019-21 காலத்தில் ஜார்க்கண்ட் மக்களில் 28.81 சதவீதம் பேர் வறுமையில் இருந்தார்கள். தமிழ்நாட்டில் அது 2.20 சதவீதம். 2015-16ல் ஜார்க்கண்டில் 42.10 சதவீதமாக இருந்தது, குறைந்திருக்கிறது, உண்மைதான். ஆனாலும் நான்கில் ஒருவருக்கு மேல் என்பது சின்ன விஷயம் இல்லை.

இதற்கு 'வளச் சாபம்' என்று ஒரு பெயர் உண்டு. எனக்கு அந்தச் சொல் பிடிக்காது. சாபம் என்றால் யாரோ கடவுள் கொடுத்தது மாதிரி ஆகிவிடுகிறது. இங்கே நடந்திருப்பதில் பெரும்பகுதி மனிதர்கள் எழுதிய விதிகளால் நடந்தது, அவற்றுக்குத் தேதி இருக்கிறது, அரசாணை இருக்கிறது, தீர்ப்பு எண் இருக்கிறது.

விதி எப்படி வேலை செய்யும் என்பதைக் கோலார் தக்காளியை வைத்துச் சொல்கிறேன். கோலார் சந்தையில் தக்காளி மலிவு, டெல்லிக்குப் போகும்போது லாரி வாடகை சேர்ந்து விலை கூடும். தக்காளி சாஸ் ஆலை வைக்க நினைப்பவர் என்ன செய்வார்? வாடகை மிச்சம் என்று கோலார் பக்கமாக வைப்பார், உள்ளூரில் நூறு பேருக்கு வேலை வரும். இப்போது அரசு ஓர் ஆணை போடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்: கோலாரில் விற்றாலும் டெல்லியில் விற்றாலும் தக்காளி ஒரே விலைதான், லாரி வாடகை மொத்தத்தையும் சராசரியாக்கி எல்லோர் தலையிலும் சமமாகப் போட்டுவிடுவோம். அப்புறம் சாஸ் ஆலைக்காரர் ஏன் கோலாருக்கு வரப்போகிறார்? வாங்குகிற கூட்டம் இருக்கிற டெல்லிக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்வார். இதில் இன்னொன்றும் இருக்கிறது, சராசரி வாடகை என்றால் தோட்டத்துக்குப் பக்கத்திலேயே இருப்பவரும், அவர் லாரியே ஏற்றாவிட்டாலும், டெல்லிக்காரரின் வாடகையில் ஒரு பங்கைக் கட்டுகிறார்.

தக்காளிக்கு இப்படி நடக்கவில்லை. எஃகுக்கு நடந்தது. சரக்குக் கட்டணச் சமன் கொள்கை என்று அதற்குப் பெயர், 1950களில் தொடங்கி 1990களின் தொடக்கம் வரை ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் நடைமுறையில் இருந்தது. இன்று ஜார்க்கண்டில் இருக்கிற ஜாம்ஷெட்பூரில் உருக்கிய எஃகு ஜாம்ஷெட்பூரில் என்ன விலையோ, சென்னையிலும் பம்பாயிலும் லூதியானாவிலும் கிட்டத்தட்ட அதே விலை. நாடு முழுக்கத் தொழில் பரவட்டும் என்ற நல்ல எண்ணத்தில்தான் கொண்டுவந்தார்கள், அதை நான் சந்தேகப்படவில்லை. ஆனால் எஃகு ஆலையைச் சுற்றி இயல்பாக வளர்ந்திருக்க வேண்டிய தொழில்கள், அதாவது போல்ட் செய்பவர், பம்பு செய்பவர், இயந்திரம் செய்பவர், வண்டி செய்பவர் எல்லோரும், துறைமுகமும் சந்தையும் இருக்கிற மேற்கிலும் தெற்கிலும் கடை விரித்தார்கள். பம்பாய் ஆலைகளுக்கு வேண்டிய பருத்திக்கு இந்தச் சமன் விலை கிடையாது, அது ஏன் என்று கிழக்கு மாநிலங்கள் விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தன. சரியான கேள்விதான்.

இதில் நமக்கும் பங்கு உண்டு என்பதைச் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை. அறுபதுகளில் 'வடக்கு வாழ்கிறது, தெற்கு தேய்கிறது' என்று முழங்கி வளர்ந்த தமிழ்நாட்டில், சேலத்துக்கு உருக்காலை வேண்டும் என்று போராடிய அதே காலத்தில், கோயம்புத்தூர் பம்புசெட்டுக்கும் அம்பத்தூர்ப் பட்டறைகளுக்கும் பெங்களூரின் பொதுத்துறை ஆலைகளுக்கும் கிடைத்த எஃகு இந்தச் சமன் விலை எஃகுதான். நம்முடைய கோரிக்கையும் நியாயம், உழைப்பும் நம்முடையது, அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அந்த வாடகைக் கணக்கில் ஒரு பங்கை ஜாம்ஷெட்பூர் பக்கத்துப் பட்டறைக்காரரும் கட்டியிருக்கிறார்.

நாற்பது ஆண்டு கழித்து விதியை எடுத்துவிட்டார்கள். ஆனால் தொழில் ஒரு இடத்தில் ஊன்றிவிட்டால் அப்புறம் பெயராது. தேர்ந்த வேலையாட்கள், பாலிடெக்னிக், வங்கி, உதிரிபாகக் கடை எல்லாம் அதைச் சுற்றி வந்துவிடும்.

சரி, தொழில் வரவில்லை, தோண்டி எடுத்ததற்கான பணமாவது வந்ததா?

இங்கேதான் ராயல்டி வருகிறது. பூமியிலிருந்து கனிமத்தை எடுப்பவர் அதற்காக மாநில அரசுக்குக் கட்டுகிற தொகை ராயல்டி. பணம் மாநிலத்துக்குப் போகிறது, ஆனால் எவ்வளவு என்று முடிவு செய்வது மாநிலம் இல்லை. 1957ஆம் ஆண்டின் சுரங்கங்கள், கனிமங்கள் சட்டப்படி நிலக்கரி, இரும்பு மாதிரியான பெரிய கனிமங்களுக்கு விகிதத்தை மத்திய அரசுதான் நிர்ணயிக்கும், மூன்று ஆண்டுக்கு ஒரு முறைக்கு மேல் அதை உயர்த்தவும் கூடாது. வீடு உங்களுடையது, வாடகையை முடிவு செய்வது வேறொருவர் என்கிற மாதிரி. நிலக்கரியில் நிலைமை இன்னும் சிக்கல், ஏனென்றால் 1970களின் தொடக்கத்தில் சுரங்கங்கள் நாட்டுடைமை ஆனபிறகு தோண்டுகிற நிறுவனமும் மத்திய அரசுடையது, விலையைச் சொல்வதும் பெரும்பாலும் அதுவே. பல ஆண்டுகள் நிலக்கரி ராயல்டி, டன்னுக்கு இத்தனை ரூபாய் என்ற நிலையான தொகையாக இருந்தது. விலைவாசி ஏறும், அந்தத் தொகை அப்படியே நிற்கும். 2012ல்தான் விலையில் 14 சதவீதம் என்று ஆனது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். தரத்தைப் பொறுத்து நிலக்கரி விலை கூடும் குறையும், நாம் கணக்குக்காக டன் 1,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ராயல்டி 140 ரூபாய். அந்த ஒரு டன்னை எரித்தால் ஏறக்குறைய 1,400 யூனிட் மின்சாரம் வரும். யூனிட் 6 ரூபாய் என்று பார்த்தாலும் வீட்டு மீட்டரில் அதன் மதிப்பு 8,400 ரூபாய். நடுவில் ரயில் கட்டணம், மின் நிலையச் செலவு, கம்பி, கடன் வட்டி எல்லாம் இருக்கிறது, அது முழுக்க லாபம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்த 8,400 ரூபாய் யார் யார் கையில் எந்த ஊரில் சம்பளமாகவும் வட்டியாகவும் வரியாகவும் சேர்கிறது என்று பின்தொடர்ந்து போனால், குழி இருக்கிற ஊருக்குத் திரும்பி வருவது மிகச் சின்னத் துண்டு.

என்னை மிகவும் உறுத்தியது இன்னொரு எண். 2016லிருந்து 2025 செப்டம்பர் வரை ஒவ்வொரு டன் நிலக்கரி மீதும் மத்திய அரசு 400 ரூபாய் செஸ், அதாவது ஒரு குறிப்பிட்ட காரியத்துக்கென்று போடுகிற கூடுதல் வரி, வாங்கியது. முதலில் சுற்றுச்சூழலுக்கு என்றார்கள். 2017ல் ஜிஎஸ்டி வந்ததும் அது, வருவாய் குறைகிற மாநிலங்களுக்கெல்லாம் ஈடு கொடுக்கும் நிதிக்குப் போனது. அந்த ஈட்டில் ஜார்க்கண்டுக்கும் பங்கு வந்தது, ஆனால் நிலக்கரி தோண்டும் ஊர் என்பதற்காக அல்ல. நம் கணக்கில் நிலத்தைக் கொடுத்த மாநிலத்துக்கு 140, செஸ்ஸாக 400. தூசி மட்டும் அங்கேயே இருந்தது.

ஜிஎஸ்டியையும் இரண்டு வரியில் சொல்லிவிடுகிறேன். பழைய முறையில் ஒரு பொருள் மாநிலம் தாண்டி விற்கப்பட்டால் மத்திய விற்பனை வரி என்று ஒன்று இருந்தது, கடைசியில் அது 2 சதவீதமாகக் குறைந்தாலும் பொருள் புறப்படும் மாநிலத்துக்குப் போனது. ஜிஎஸ்டி பொருள் நுகரப்படும் இடத்தில் வசூலாகும் வரி. ஜாம்ஷெட்பூர் எஃகு சென்னைக்கு வந்து காராகி, அந்தக் கார் பெங்களூரில் விற்றால் மாநிலப் பங்கு கர்நாடகத்துக்கு. வாங்கும் சக்தி உள்ள ஊருக்கு வரி, பொருளைச் செய்து அனுப்பும் ஊருக்கு வெறுங்கை. மின்சாரம் ஜிஎஸ்டிக்குள் வராது, ஆனாலும் முடிவு அதேதான்: வெளிமாநிலத்துக்கு விற்கிற மின்சாரத்தின் மீது உற்பத்தி மாநிலம் வரி போட முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2002ல் சொல்லிவிட்டது.

இதற்குப் பெங்களூருக்காரர்கள் கண்ணாலேயே பார்க்கக்கூடிய சான்று ஒன்று இருக்கிறது. ஒடிசாவின் தால்ச்சேரில் நிலக்கரிச் சுரங்கத்தை ஒட்டி ஒரு பெரிய அனல்மின் நிலையம். அங்கிருந்து 1,300 கிலோமீட்டருக்கு மேல் நீளமான உயர் அழுத்த நேர்மின் தடம் ஒன்று 2003லிருந்து ஓடுகிறது, 2,000 மெகாவாட்டைத் தென் மாநிலங்களுக்குக் கொண்டுவருவதற்காகப் போட்டது. அது வந்து இறங்கும் இடம் கோலார். எங்கள் கோலார்! அதே கோலார் மாவட்டத்துத் தங்கவயலுக்கு 1902ல், சிவசமுத்திரத்தில் காவிரியிலிருந்து எடுத்த மின்சாரம் வந்தது, பெங்களூரு நகரத்துக்குத் தெருவிளக்கு எரிவதற்கு மூன்று ஆண்டு முன்பே. சுரங்கத்துக்கு இயந்திரம் ஓட வேண்டும் என்பதற்காகக் கொண்டுவந்தார்கள். ஏறக்குறைய 120 ஆண்டுகளில் சுமார் 800 டன் தங்கம் எடுத்தார்கள், சாம்பியன் ரீஃப் குழி 3 கிலோமீட்டருக்கும் மேல் ஆழம், 2001 பிப்ரவரி 28 அன்று மூடினார்கள். வட ஆற்காட்டிலிருந்தும் தர்மபுரியிலிருந்தும் போய் லைன் வீடுகளில் மூன்று நான்கு தலைமுறையாக வாழ்ந்த தமிழர்களுக்கு மிஞ்சியது சைனட் மேடும் (தங்கம் பிரித்தபின் கொட்டிய சயனைடு கழிவு மண்), காலை மாரிக்குப்பம் ரயிலும்தான். ஆயிரக்கணக்கானவர்கள் இன்றும் அந்த ரயிலில் பெங்களூருக்கு வேலைக்கு வந்து ராத்திரி திரும்புகிறார்கள். அதனால்தான் அந்தப் பையனின் கேள்வி எனக்குச் சுருக்கென்று பட்டது.

இப்போது, நாம் எல்லோரும் கைப்பேசியில் பார்க்கிற ஒரு படத்துக்கு வருகிறேன். 'எந்த மாநிலம் ஒரு ரூபாய் வரி கட்டினால் எத்தனை பைசா திரும்பக் கிடைக்கிறது' என்ற படம். அதில் தமிழ்நாடும் கர்நாடகமும் மகாராஷ்டிரமும் கொடுப்பவை, ஜார்க்கண்டும் பீகாரும் வாங்குபவை என்று இருக்கும். மத்திய வரியை மாநிலங்களுக்கு எப்படிப் பங்கிடுவது என்று சொல்லும் நிதிக்குழு பிரிக்கிற பங்கில் தெற்கு இழக்கிறது என்பது உண்மையான மனக்குறை, நானும் அதில் ஒருவன், மக்கள்தொகையைக் கட்டுப்படுத்திய மாநிலத்தைத் தண்டிப்பது போல ஒரு சூத்திரம் இருக்கக் கூடாது என்றே நினைக்கிறேன். ஆனால் அந்தப் படத்தில் 'கட்டிய வரி' என்ற பகுதியைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். நாட்டின் நேரடி வரியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மகாராஷ்டிரத்தின் கணக்கில் வருகிறது. காரணம் மும்பையில் உழைப்பு அதிகம் என்பது மட்டுமா? ஜாம்ஷெட்பூரில் 1912லிருந்து எஃகு உருக்கும் டாடா ஸ்டீலின் பதிவு அலுவலகம் மும்பையில் இருக்கிறது. சுரங்கமும் உலையும் ஜார்க்கண்டிலும் ஒடிசாவிலும் இருக்க, தலைமையகம் மும்பையிலோ டெல்லியிலோ கொல்கத்தாவிலோ இருக்கிற நிறுவனங்கள் ஏராளம். நிறுவன வருமான வரி பதிவாவது தலைமையகம் இருக்கும் ஊரில். இது சட்டப்படி சரிதான், யாரும் ஏமாற்றவில்லை. ஆனால் அந்த எண்ணை எடுத்துவைத்து 'ஜார்க்கண்ட் ஒன்றும் கொடுப்பதில்லை' என்று சொல்வது தப்பான கணக்கு.

வங்கியிலும் இதே ஓட்டம்தான். தமிழ்நாட்டில் மக்கள் 100 ரூபாய் போட்டால் அதற்கு மேலேயே அங்கே கடனாகக் கொடுக்கப்படுகிறது. ஜார்க்கண்டில் பல ஆண்டுகளாக அது பாதியை ஒட்டியே இருக்கிறது. அதாவது ஜார்க்கண்டின் தலைநகர் ராஞ்சியில் ஒரு பாட்டி போட்டுவைத்த பணம் வேறு மாநிலத்துத் தொழிலுக்கு முதலாகிறது.

நிதிக்குழு பங்கு கொடுக்கிறதே, அது ஈடாகாதா என்று கேட்கலாம். பதினைந்தாவது நிதிக்குழு மத்திய வரியில் 41 சதவீதத்தை மாநிலங்களுக்குப் பிரித்தது, அதில் ஜார்க்கண்டுக்கு 3.307 சதவீதம், தமிழ்நாட்டுக்கு 4.079 சதவீதம். ஏழ்மை, மக்கள்தொகை, பரப்பளவு, காடு எல்லாவற்றுக்கும் அந்தச் சூத்திரத்தில் மதிப்பெண் உண்டு. நிலத்தைத் தோண்டக் கொடுத்ததற்கு, ஆறு கறுத்துப்போனதற்கு, ஊர் இடம்பெயர்ந்ததற்கு மதிப்பெண் கிடையாது. செஸ், சர்சார்ஜ் (வரிக்கு மேல் போடும் வரி) என்று வசூலாகும் பணம் இந்தப் பிரிப்புக்குள்ளேயே வராது.

சேதம் என்றால் என்ன என்று தெரிய ஜாரியாவைப் பார்க்கலாம். தன்பாத் மாவட்டத்தில் இருக்கிறது, நாட்டின் உயர்தரக் கோக்கிங் நிலக்கரி, அதாவது எஃகு உருக்கத் தேவையான ரகம், கிடைக்கிற முக்கிய இடம். 1916லிருந்து அங்கே நிலத்துக்கடியில் தீ எரிந்துகொண்டிருக்கிறது. நூறு ஆண்டைத் தாண்டிவிட்டது. வீட்டுத் தரை சுடும், வெடிப்பிலிருந்து புகை வரும், சில இடங்களில் நிலம் உள்வாங்கும். மக்களை இடம் மாற்ற 2009ல் ஒரு பெருந்திட்டம் போட்டார்கள், அது முடியாமல் 2025ல் 5,940 கோடி ரூபாயில் திருத்திய திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தார்கள். புதுக் குடியிருப்பு பெல்காரியாவில் கட்டியிருக்கிறார்கள். வீடு கொடுத்தால் போதுமா, நிலக்கரி பொறுக்கிப் பிழைத்த குடும்பம் அங்கே போய் எதைச் செய்து பிழைக்கும் என்பதுதான் அந்த மக்கள் கேட்கிற கேள்வி.

இங்கே ஒன்றை நேராகச் சொல்லிவிட வேண்டும். எல்லாப் பழியையும் டெல்லி மேல் போட்டுவிட்டு ராஞ்சி கையைக் கழுவ முடியாது. 2000லிருந்து 2014 வரை 14 ஆண்டில் ஜார்க்கண்ட் ஒன்பது அரசுகளையும் மூன்று முறை குடியரசுத் தலைவர் ஆட்சியையும் பார்த்தது. ஐந்தாண்டை முழுதாக முடித்த முதல் முதலமைச்சரே 2014 தேர்தலுக்குப் பிறகு வந்தவர்தான். முன்னாள் முதலமைச்சர் மது கோடா நிலக்கரிச் சுரங்க ஒதுக்கீட்டு வழக்கில் 2017ல் தண்டனை பெற்றார். சுரங்கக் குத்தகைதான் பெரிய வரும்படி என்கிற இடத்தில் அரசியல் அதைச் சுற்றியே மொய்க்கும், பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் இரண்டாம் பட்சமாகும். மாநிலத்தை டெல்லி எப்படி நடத்துகிறதோ அதே மாதிரிதான் ராஞ்சியும் மேற்கு சிங்பூம், பாக்கூர் மாதிரியான சுரங்க மாவட்டங்களை நடத்துகிறது என்று அங்குள்ள ஆதிவாசி அமைப்புகள் சொல்வதில் எனக்கு நிறைய உண்மை தெரிகிறது.

ஆனால் விதி மாறினால் வரவு மாறும் என்பதற்கு ஒடிசா சாட்சி. 2015ல் சட்டத்தைத் திருத்தி, கனிமக் குத்தகையை ஏலத்தில்தான் விட வேண்டும் என்று ஆக்கினார்கள். 2020ல் பழைய இரும்புச் சுரங்கக் குத்தகைகள் முடிந்து ஏலம் வந்தபோது, சில சுரங்கங்களுக்கு விற்பனை மதிப்பில் 90 சதவீதத்துக்கும் மேல் அரசுக்குத் தருவதாக நிறுவனங்கள் போட்டி போட்டு எடுத்தன. அதே மண், அதே தாது. அதற்கு முந்தைய ஆண்டு வரை அதே தாதுவுக்கு அரசுக்குக் கிடைத்த ராயல்டி 15 சதவீதம். அப்படியானால் இத்தனை ஆண்டு எவ்வளவு போயிருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளலாம். நிலக்கரியில் பெரும்பகுதி இன்னும் பழைய வழியில்தான், மத்திய நிறுவனத்தின் கையில், 14 சதவீதத்தில்.

நீதிமன்றக் கதையும் ஒன்று இருக்கிறது, அதில் தமிழ்நாடு நடுநாயகம். சுண்ணாம்புக்கல் ராயல்டி மீது தமிழ்நாடு போட்ட ஊராட்சி செஸ்ஸை எதிர்த்து இந்தியா சிமெண்ட்ஸ் போன வழக்கில், 1989ல் ஏழு நீதிபதிகள், ராயல்டி என்பதே ஒரு வரி, அதன் மேல் மாநிலம் செஸ் போட முடியாது என்று தீர்ப்புச் சொன்னார்கள். அதைக் காட்டியே 1991ல் பீகார், ஒடிசா போட்டிருந்த செஸ்களும் அடிபட்டன. ஏழை மாநிலங்களுக்கு இருந்த ஒரே வாசலும் அடைபட்டது. 35 ஆண்டு கழித்து, 2024 ஜூலை 25 அன்று, ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் அதை மாற்றியது: ராயல்டி வரி அல்ல, கனிம உரிமைக்கு மாநிலங்கள் வரி போடலாம். 2005 ஏப்ரல் 1 முதலான பாக்கியையும் கேட்கலாம், ஆனால் 2026 ஏப்ரலிலிருந்து 12 ஆண்டுத் தவணையில் என்று அடுத்த மாதம் சொன்னார்கள். உடனே ஜார்க்கண்டும் தமிழ்நாடும் கனிம நிலங்களுக்கான வரிச் சட்டங்களைக் கொண்டுவந்தன. வடக்கு, தெற்கு என்று பிரித்துப் பேசுகிற நாம், இந்த ஒரு விஷயத்தில் ஜார்க்கண்டோடு ஒரே வரிசையில் நிற்கிறோம்.

மாநிலத்துக்குப் பேரம் பேசும் பலம் எவ்வளவு என்பதும் முக்கியம். 2020ல் ஜார்க்கண்டின் மின் வாரியம், தனக்கு மின்சாரம் விற்கும் தாமோதர் பள்ளத்தாக்குக் கழகத்துக்குக் கட்ட வேண்டிய பாக்கிக்காக, மாநிலத்தின் ரிசர்வ் வங்கிக் கணக்கிலிருந்து 1,417 கோடி ரூபாயை மத்திய அரசு நேராகப் பிடித்துக்கொண்டது. ஒப்பந்தத்தில் அப்படி ஒரு பிரிவு இருந்தது. அதே ஜார்க்கண்ட், நிலக்கரி நிறுவனங்கள் நிலத்துக்காகவும் ராயல்டியாகவும் 1.36 லட்சம் கோடி ரூபாய் பாக்கி வைத்திருப்பதாகச் சொல்லிக் கேட்டுக்கொண்டே இருக்கிறது. மத்திய அரசு அந்தக் கணக்கை ஏற்கவில்லை. இதில் எந்த எண் சரி என்பது ஒருபுறம் இருக்கட்டும். ஒருவர் மற்றவரின் கணக்கிலிருந்து எடுத்துக்கொள்ள முடிகிறது, மற்றவர் கடிதம்தான் எழுத முடிகிறது. மக்களவையில் ஜார்க்கண்டுக்கு 14 இடம், உத்தரப் பிரதேசத்துக்கு 80.

வேறு நாடுகளிலும் இதே கதை நடக்கிறது. நைஜீரியா விடுதலை பெற்ற காலத்தில் கனிம ராயல்டியில் பாதி அது கிடைக்கும் பகுதிக்கே என்று இருந்தது. எண்ணெய், எண்ணிக்கையில் சிறுபான்மையான மக்கள் வாழும் நைஜர் கழிமுகத்தில் பெரிதாகப் பொங்கத் தொடங்கியதும் அந்தப் பங்கு சுருங்கிக்கொண்டே போய், போராட்டங்களுக்குப் பின் 1999 அரசியலமைப்பில் குறைந்தது 13 சதவீதம் என்று நின்றது. மலேசியாவின் சபாவும் சரவாக்கும் 1974லிருந்து எண்ணெய்க்கு 5 சதவீதத்தோடு மல்லுக்கட்டுகின்றன. கனடாவில் நேர் எதிர், கனிமம் மாகாணத்துக்கே சொந்தம், ஆல்பர்ட்டா பணக்கார மாகாணமானது அதனால்தான். எல்லாவற்றையும் மாநிலமே வைத்துக்கொள்ளட்டும் என்றும் நான் சொல்லமாட்டேன், மண்ணுக்கடியில் என்ன இருக்கிறது என்பது யாருடைய சாமர்த்தியமும் இல்லை. குழிக்குப் பக்கத்தில் இருப்பவருக்கு முதல் பங்கு, மாநிலத்துக்கு அடுத்தது, நாட்டுக்கு அதன் பிறகு என்று வரிசை இருக்க வேண்டும் என்பது என் எண்ணம். இப்போது வரிசை தலைகீழாக இருக்கிறது.

2015 திருத்தத்தில் அந்த முதல் பங்குக்கு ஒரு தொடக்கம் இருக்கிறது: மாவட்டக் கனிம அறக்கட்டளை. பழைய குத்தகைக்காரர்கள் ராயல்டியில் 30 சதவீதமும், ஏலத்தில் எடுத்தவர்கள் 10 சதவீதமும் கூடுதலாக அந்த மாவட்டத்துக்கே கட்ட வேண்டும். நம் 140 ரூபாய்க் கணக்கில் இது 42 ரூபாய். சிறு தொகை மாதிரி தெரிந்தாலும் ஒரு மாவட்டத்தில் கோடிக்கணக்கான டன் தோண்டும்போது பெரும் பணம். ஆனால் யார் செலவழிப்பது என்பதில் மாவட்ட ஆட்சியரின் கை ஓங்கியிருக்கிறது, கிராம சபைக்கு இருக்க வேண்டிய குரல் பல இடங்களில் இல்லை, மாவட்டத் தலைநகரில் கட்டடம் எழும்பும், சுரங்கத்தை ஒட்டிய ஊருக்குக் குடிதண்ணீர்க் குழாய் வராது.

நேரம் வேறு குறைவு. 2070க்குள் கார்பன் சமநிலை என்று இந்தியா சொல்லியிருக்கிறது, நிலக்கரி ஒரு நாள் படிப்படியாக நிற்கும். ஜார்க்கண்ட் 2022ல் இதற்கென்று ஒரு பணிக்குழுவை அமைத்தது, சுரங்கத்தை நம்பியிருப்பவர்களை அடுத்த பிழைப்புக்கு எப்படிக் கொண்டுபோவது என்று பார்க்க. மாற்று வேலை, பயிற்சி, நிலத்தைத் திரும்ப ஒப்படைப்பது எல்லாம் சுரங்கம் ஓடும்போதே, கையில் பணம் வரும்போதே நடக்க வேண்டும். மூடியபிறகு யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள் என்று தங்கவயலில் பிறந்த என்னால் உறுதியாகச் சொல்ல முடியும்.

அந்தப் பையனிடம் இதையெல்லாம் சொல்ல என் இந்தி போதவில்லை. "எங்கள் சுரங்கம் மூடியபோது நூறு கிலோமீட்டரில் பெங்களூரு இருந்தது, காலையில் ரயில் ஏறி ராத்திரி வீட்டுக்குப் போய்விடலாம்" என்று மட்டும் சொன்னேன். அவன் ஊருக்குப் போக ராஞ்சிக்குப் பக்கத்து ஹட்டியா வரை போகும் ரயிலில் ஏறக்குறைய ஒன்றரை நாள் ஆகும், அங்கிருந்து தன்பாத் பஸ் வேறு. அவர்கள் பக்கத்துப் பெரிய பண்டிகையான சட் பூஜைக்கு டிக்கெட் இன்னும் காத்திருப்புப் பட்டியலில்தான் இருக்கிறது என்று கைப்பேசியை எடுத்துக் காட்டினான்.